வேலியோரத்து வாகனமும் வாங்குவோன் மௌனமும்

பொருளொன்றின் பெறுமதியை அறிந்தவனும் அறியாதவனும் எதிரெதிரே நிற்கும்போது, அறிந்தவன் வாய்திறவாதிருத்தல் அறமாகுமா என்னும் வினா மிகப் பழையது. வாங்கலும் விற்றலும் தோன்றிய காலந்தொட்டே அது மனிதனைத் தொடர்ந்து வந்திருத்தல் வேண்டும். ஆயினும் பழைய வினாவொன்று எதிர்பாராத ஓரிடத்திலே மீண்டும் எழும்போதுதான் அதன் கூர்மை நன்கு புலப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் நாட்டுப்புறப் பெருந்தெருக்கள் வழியே பழைய பிக்கப் வாகனங்களைத் தேடித் திரிவோரின் செயல் அத்தகைய ஓரிடமாகும். வெளிப்பார்வைக்கு அது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. சிலர்க்கு அது சிறு வணிகம். ஆயினும் அதனுள்ளே, அறிவு ஒருவனுக்கு அளிக்கும் உரிமை எவ்வளவு என்னும் அறவியற் சிக்கல் பொதிந்து கிடக்கின்றது.

முதற்கண் அச்செயலின் பின்னணியை நோக்குதல் தகும். முன்புறத்தே இருவர் அல்லது மூவர் அமரக்கூடிய அறையும், பின்புறத்தே திறந்த பெட்டியும் கொண்ட சிறு பாரவாகனமே பிக்கப் எனப்படுவது. தொடக்கத்திலே அமெரிக்கக் கமக்காரர் பலர் மோட்டார்க் காரின் பின்பகுதியை அகற்றிவிட்டுத் தாமே மரப்பெட்டி செய்து பூட்டிக்கொண்டனர். 1925ஆம் ஆண்டிலே ஃபோர்ட் நிறுவனம் தனது 'ரி' மாதிரிக் காரிலே, தொழிற்சாலையிலேயே பெட்டி பொருத்தி, 281 டொலருக்கு விற்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது; புதிய பாரவாகனங்களும் கிடைத்தற்கரியனவாயின. கமக்காரர் கையிலிருந்தவற்றையே மீண்டும் மீண்டும் பழுதுபார்த்து ஓட்டினர். எனவே போர் முடிந்தபின் எழுந்த தேவை பெரிதாயிருந்தது. 1947இல் செவ்ரலே நிறுவனமும், 1948ஆம் ஆண்டுக்குரிய மாதிரியாக ஃபோர்ட் நிறுவனமும் வெளியிட்ட புதுவடிவப் பிக்கப்புகள் அத்தேவையை நிறைவு செய்தன. இன்று விரும்பித் தேடப்படுவனவற்றுள் இவை சிறப்பிடம் பெறுகின்றன.

இவ்வாகனங்கள் தானிய மூடைகளையும் கன்றுக்குட்டிகளையும் வேலிக் கட்டைகளையும் சுமந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தைத் தேவாலயத்துக்கு ஏற்றிச் சென்றனவும் இவையே. இயந்திரம் ஓய்ந்த நாளில், உதிரிப் பாகங்களுக்கு உதவும் என்ற எண்ணத்தினாலோ, இழுத்துச் செல்ல ஆளில்லாமையினாலோ, வயலின் வேலியோரத்திலே அவை நிறுத்தப்பட்டன. பின்னர் பாதைகள் மாறின. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட மாநிலங்களுக்கிடையிலான அகன்ற வீதிகள் பல சிற்றூர்களை ஒதுக்கிவிட்டுச் சென்றன. 1926இல் நிறுவப்பெற்றுப் புகழ்பெற்ற 66ஆம் இலக்கப் பெருந்தெருவே 1985இல் அதிகாரபூர்வமான பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. புதிய வீதியில் விரைபவன் கண்ணுக்கு வேலியோரத்து வாகனம் தென்படுவதில்லை. ஆதலாற் தேடுவோன் பழைய இருவழிப் பாதைகளையே நாடுகின்றான். கன்சசின் மேற்கு, கொலராடோவின் கிழக்கு, ரெக்சாசின் வடமுனை போன்ற வறண்ட சமவெளிகள் அவனுக்கு உகந்தவை. மழை குறைந்த அவ்விடங்களிலே இரும்பு மெதுவாகவே கறள் பிடிக்கும்.

அவன் காண்பது பெரும்பாலும் புல்லுக்கு மேலாகத் தெரியும் ஒரு வளைந்த கூரை மட்டுமே. அருகிற் சென்றால் பெட்டியின் பலகைகள் உக்கிப்போய், அவற்றினூடே மரமொன்று வளர்ந்திருக்கக் கூடும். இருக்கையின் பஞ்சுக்குள்ளே எலிகள் குடியிருக்கக் கூடும். ஆயினும் பயின்ற கண் வேறு சிலவற்றை வாசிக்கின்றது. முன்புறக் கம்பிகளின் அமைப்பு ஆண்டைக் கூறும். அறையின் பின்மூலைகளிலே வளைந்த சிறு கண்ணாடிகள் இருப்பின், அது சாதாரண அறையன்று, கூடுதல் விலைக்கு விற்கப்பட்ட உயர்வகை அறை என்பது தெளிவாகும். வேலிக்கு வெளியே நின்று ஒரு பார்வையில் இவற்றை அறிந்துகொள்வதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அறிந்தபின் அவன் வாகனத்தை நிறுத்தி, வளவுக்குள் நடந்து, வீட்டுக் கதவைத் தட்டுகின்றான். அறவியல் வினா அக்கதவடியிலேயே தொடங்குகின்றது.

எடுத்துக்காட்டாக ஒரு நிலைமையைக் கற்பித்துக்கொள்ளலாம். கதவைத் திறப்பவள் முதியவள், கணவனை இழந்தவள். வேலியோரத்து வாகனம் கணவனுடையது. அதை விற்பதற்கு அவள் எண்ணியதே இல்லை. வந்தவன் கேட்டபின், சிறிது யோசித்து, 'ஐந்நூறு டொலர் தந்தால் இழுத்துக்கொண்டு போ' என்கின்றாள். அவ்வாகனம் கிடக்கும் நிலையிலேயே ஐயாயிரம் டொலருக்குக் குறையாது என்பது அவனுக்குத் தெரியும். அவன் பொய்யேதும் கூறவில்லை. அவள் கேட்ட விலையை ஒரு சதமும் குறைக்கவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்து, நன்றி கூறி, வாகனத்தை ஏற்றிச் செல்கின்றான். அவன் செய்தது குற்றமா?

குற்றமன்று என்போர் கூறும் நியாயங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கனவல்ல. அமெரிக்க உயர்நீதிமன்றம் 1817இல் தீர்த்த வழக்கொன்று இவ்விடத்தே நினைவுகூரத்தக்கது. இங்கிலாந்துடனான போர் முடிந்து சமாதான உடன்படிக்கை ஏற்பட்ட செய்தி 1815இல் நியூ ஓர்லியன்ஸ் நகரை எட்டிய அதிகாலையிலே, அதனை முந்தி அறிந்த வணிகன் ஒருவன், அறியாத வணிகரிடம் பெருந்தொகைப் புகையிலையை வாங்கினான். விலையை உயர்த்தக்கூடிய செய்தி ஏதேனும் உண்டா என்று விற்போர் கேட்டபோதும் அவன் தெளிவான விடை கூறவில்லை. செய்தி பரவியதும் விலை நூற்றுக்கு 30 முதல் 50 வரை ஏறிற்று. தான் அறிந்ததை மற்றவனுக்கு உரைக்கும் கடப்பாடு வாங்குவோனுக்கு இல்லை என்பதே பிரதம நீதியரசர் மார்ஷலின் கருத்து. எனினும் மற்றவனை ஏமாற்றும் சொல்லோ செயலோ நிகழாதவாறு இருவரும் காத்துக்கொள்ளல் வேண்டும் என்றும் அவர் வரையறுத்தார். 1978இல் அன்ரனி குரோன்மன் என்னும் சட்ட அறிஞர் இந்நிலைப்பாட்டுக்கு வேறொரு விளக்கம் தந்தார். உழைத்துத் தேடிய அறிவும் தற்செயலாக வாய்த்த அறிவும் ஒன்றல்ல. உழைத்துத் தேடியவனைத் தன் அறிவு முழுவதையும் இலவசமாகக் கொடுத்துவிடுமாறு கட்டாயப்படுத்தினால் எவரும் தேடலில் ஈடுபடார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பிக்கப் தேடுவோனுக்கு இவ்வாதம் மிகவும் பொருந்துவதாகத் தோன்றுகின்றது. அவன் நூற்றுக்கணக்கான மைல்கள் வெறுங்கையுடன் திரும்பியவன். பழைய கையேடுகளைப் படித்தவன். பிழையாக வாங்கி நட்டமடைந்து கற்றவன். அவன் வராதிருந்தால் அவ்வாகனம் கறளாகி மண்ணோடு மண்ணாகும். அன்றேல் பழைய இரும்பு வாங்குவோன் அதை நிறைக்கு வாங்கி நசுக்கிவிடுவான். அழியவிருந்த பொருளைக் காத்தவனுக்கு அதன் பயனிலே பங்கு உண்டு என்பதை மறுத்தல் இயலாது.

ஆயினும் இவ்வாதத்திலே ஒரு வழுக்கல் உண்டு. நியூ ஓர்லியன்சிலே எதிரெதிரே நின்றவர்கள் இருவரும் வணிகர். விலை ஏறும், இறங்கும் என்பதை அறிந்தே சந்தைக்கு வந்தவர்கள். முதியவளோ சந்தைக்கு வந்தவளல்லள். அவளுடைய வீட்டு வாசலையே சந்தையாக்கியவன் கதவைத் தட்டியவன். விற்கும் எண்ணத்துடன் பொருளைக் கடைவீதிக்குக் கொண்டுவருபவன் அதன் விலையை விசாரித்தறியாதிருந்தால், அக்கவலையீனத்தின் பயனை அவன் ஏற்றல் முறையாகலாம். விற்பதற்கு எண்ணியிராத ஒருத்தியை ஒரு நொடியில் விற்பவளாக்கிவிட்டு, விற்பவளுக்குரிய விழிப்பு அவளிடம் இருந்திருத்தல் வேண்டும் எனக் கூறுவது நேர்மையாகாது. அன்றியும், முன்பின் அறியாத ஒருவனைத் தன் வளவுக்குள் நுழையவும் பொருளைத் தொட்டுப் பார்க்கவும் அவள் இசைந்தாள். அவ்விசைவிலே ஒரு நம்பிக்கை அடங்கியிருந்தது.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உரோமப் பேரறிஞர் சிசரோ இச்சிக்கலை ஆராய்ந்துள்ளார். கி.மு. 44இல், ஏதென்சு நகரிலே கல்வி பயின்றுகொண்டிருந்த தம் மகனை விளித்து எழுதிய கடமைகள் பற்றிய நூலிலே அவர் ஒரு வணிகனைக் காட்டுகின்றார். பஞ்சத்தால் வாடும் ரோட்சுத் தீவுக்கு அவன் தானியக் கப்பலுடன் வருகின்றான். பின்னால் வேறு கப்பல்களும் வருகின்றன என்பதை அவன் அறிவான். அதனை மக்களுக்கு உரைத்தல் வேண்டுமா? உரைக்க வேண்டியதில்லை, பொய் கூறாதிருந்தாற் போதும் என்பது பாபிலோனிய டயோஜெனிசின் கருத்து. உரைத்தேயாகல் வேண்டும் என்பது அவருடைய மாணாக்கரான அன்ரிபேட்டரின் கருத்து. சிசரோ மாணாக்கரின் பக்கமே சார்கின்றார். சொல்லாதிருத்தல் எல்லாம் மறைத்தலாகாது. ஆனால் மற்றவர் அறிவது அவர்களுக்கு நன்மையாயிருக்க, தன் இலாபங் கருதி அதனை அறியவிடாது தடுத்தல் மறைத்தலேயாகும் என்பது அவர் துணிபு.

அதே நூலிலே வேலியோரத்து வாகனத்துக்கே உரியதென்னத்தக்க மற்றோர் உதாரணமும் உண்டு. தன் கையிலுள்ள பொன்னைப் பித்தளையென எண்ணி ஒருவன் விற்க முற்பட்டால், நல்லவன் அது பொன்னென்று சொல்வானா, அன்றி ஆயிரம் பணம் பெறுவதை ஒரு பணத்துக்கு வாங்கிக்கொள்வானா என்று அவர் கேட்கின்றார். வாங்குவோன் நடத்தைக்கு அவர் காட்டும் முன்மாதிரி ஸ்கேவோலா என்பவர். நிலமொன்றை வாங்க விரும்பிய அவர், முடிவான விலையைக் கூறுமாறு உரியவனைக் கேட்டார். அவன் கூறிய விலை குறைவு என்று கண்டு, தாம் அதனைக் கூடுதலாக மதிப்பதாகச் சொல்லி, மேலும் ஒரு இலட்சம் நாணயம் கொடுத்தார். இச்செயல் நல்லவன் செயலே என்று எல்லோரும் ஒப்புவர். அறிவுடையான் செயலென்று மட்டும் சிலர் ஒப்பார் என்று சிசரோ சுட்டிக்காட்டுகின்றார். நன்மையும் அறிவுடைமையும் வேறு வேறு என்று பிரித்துவிடும் மனப்பாங்கே கேட்டுக்கு வேர் என்பது அவர் காட்ட விழைந்தது. தமிழ் மரபிலும் இதற்கு அண்மையான கருத்து உண்டு. திருக்குறள் நடுவுநிலைமையைப் பேசும் அதிகாரத்தின் இறுதியிலே வணிகனை எடுத்துக்கொண்டு, பிறர் பொருளையும் தன் பொருள்போற் பேணுதலே அவனுக்குரிய வணிகம் என்கின்றது. அவ்வளவுகோலின்படி, முதியவளின் வாகனம் தன்னுடையதாயிருந்து, தானே அதனை விற்பதாயின் என்ன விலை கேட்பான் என்பதே வாங்குவோன் தன்னைக் கேட்கவேண்டிய வினாவாகும்.

இவ்விடத்தே ஒரு தடை எழுப்பப்படலாம். பெறுமதி என்பது பொருளின் உள்ளே இருப்பதன்று, விரும்புவோன் உண்டாக்குவது. வயலோரத்துக் கறள் பிடித்த வாகனம் அவளுக்கு ஐந்நூறு டொலர் பெறுமதியானது, அவனுக்கு ஐயாயிரம். இருவரும் தத்தம் அளவுகோலின்படி இலாபமே அடைந்துள்ளனர். எனவே மறைக்கப்பட்டது யாது? இத்தடை கூரியதே. ஆயினும், தேடுவோர் அடிக்கடி சந்திக்கும் மற்றொரு மனிதனை நினைத்தால் அதன் குறை விளங்கும். அவன் எவ்வளவு கொடுத்தாலும் விற்கமாட்டான். 'ஒருநாள் நான் அதைத் திருத்துவேன்' என்பதே அவன் கூறும் விடை. இருபதாண்டுகளாக அவ்வாறே கூறிவருவான். வாகனமோ ஒவ்வோராண்டும் சிறிது சிறிதாக நிலத்துள் அமிழும். தேடுவோர் இதனைச் சோம்பலென்றும் அறியாமையென்றும் இகழ்வதுண்டு. ஆனால் அவன் காத்துநிற்பது இரும்பையன்று. தந்தையின் கையைப் பிடித்து அவ்வாகனத்தில் ஏறிய பிள்ளைப் பருவத்தையோ, இன்னும் காலம் இருக்கின்றது என்னும் நம்பிக்கையையோ அவன் காக்கின்றான். அவன் மறுப்பு, விலையும் பெறுமதியும் ஒன்றல்ல என்பதைக் காட்டுகின்றது.

ஆகவே கதவடியில் நிற்கும் இருவரும் ஒவ்வொரு வகையில் அறியாதவரே. அவள் சந்தை விலையை அறியாள். அவன் அப்பொருள் அவ்வீட்டிலே பெற்ற வாழ்வை அறியான். ஆனால் அவனுடைய அறியாமையை அவள் பயன்படுத்த வழியில்லை; அவளுடைய அறியாமையை அவன் பயன்படுத்தலாம். அத்துடன், அவள் தன் அளவுகோலின்படி மதிப்பிட்டாள் எனக் கூறுவதும் முழு உண்மையன்று. பிறர் என்ன கொடுப்பர் என்பதை ஊகித்தே அவள் ஐந்நூறு என்றாள். அவ்வூகம் பிழை என்பதை அவன் அறிந்திருந்தான். அவன் இலாபம் முழுவதும் அப்பிழையின் மேலேயே நின்றது.

அறியாமையுடன் தேவையும் சேரும்போது நிலைமை மேலும் கொடிதாகின்றது. 1939இல் வெளிவந்த ஜோன் ஸ்ரைன்பெக்கின் 'கோபத்தின் திராட்சைகள்' என்னும் நாவல் இதனை மறக்கவியலாதவாறு காட்டுகின்றது. ஒக்லகோமாவில் நிலமிழந்த குடும்பமொன்று பழைய ஹட்சன் காரைப் பாரவாகனமாக மாற்றிக்கொண்டு மேற்கே செல்கின்றது. புறப்படுமுன் வீட்டிலும் கமத்திலும் இருந்த பொருள்களையெல்லாம் விற்றுப் பெற்றது 18 டொலர் மட்டுமே. வாங்கியவர்கள் எவரும் பொய் கூறியிருக்க வேண்டியதில்லை. விற்போருக்கு வேறு வழியில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள், அவ்வறிவே போதுமானதாயிருந்தது. இன்று தேடப்படும் பழைய வாகனங்கள் சிலவும் கடனால் நொடித்த கமங்களிலிருந்தே வெளிவருகின்றன என்பதை மறத்தலாகாது.

இதற்கு எதிர்மாறான காட்சியொன்று 2013ஆம் ஆண்டு செப்ரெம்பரில் நெபிராஸ்கா மாநிலத்துப் பியர்ஸ் என்னும் சிற்றூரிலே நிகழ்ந்தது. அங்கே முன்னாள் செவ்ரலே விற்பனையாளர் ஒருவர் பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த ஏறத்தாழ 500 வாகனங்கள் பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டன. ஊரின் குடித்தொகையினும் பன்மடங்கு மக்கள் திரண்டனர். ஒன்றரை மைல்கூட ஓடியிராத 1958ஆம் ஆண்டுச் செவ்ரலே பிக்கப் ஒன்று 140,000 டொலருக்கு விலைபோயிற்று. அங்கே மௌனத்துக்கு இடமிருக்கவில்லை. அறிந்தோர் பலர் ஒருவரோடொருவர் போட்டியிட்டமையால் அறிவு தானாகவே விலையாக வெளிப்பட்டது. வேலியோரத்திலே அத்தகைய போட்டி இல்லை. போட்டி செய்யவேண்டிய வேலையைத் தனி மனிதனின் மனச்சாட்சியே அங்கு செய்தல் வேண்டும்.

கைத்தொலைபேசியிலே எவரும் விலையைப் பார்க்கக்கூடிய இக்காலத்திலே இவ்வினா வலுவிழந்துவிட்டது எனச் சிலர் கருதலாம். உண்மையில் அறியாமை ஒழியவில்லை. அதன் முகமே மாறியுள்ளது. முற்றாகத் திருத்தி வர்ணந்தீட்டிய வாகனங்கள் ஏலங்களிற் பெறும் பெருந்தொகைகளைக் கண்டவர், தம் வயலிற் கிடக்கும் கூட்டுக்கும் அதே விலை உண்டென எண்ணுகின்றனர். திருத்துவதற்காகும் செலவு சிலவேளை வாகனத்தின் விலையையே விஞ்சிவிடும் என்பது அவர்களுக்குப் புலப்படுவதில்லை. அப்போது தேடுவோன் தானறிந்ததைத் தயக்கமின்றி எடுத்துரைக்கின்றான். அடித்தளம் உக்கியதையும், இயந்திரம் இறுகியதையும், உரிமைப் பத்திரம் தொலைந்தமையால் வரும் தொல்லையையும் ஒவ்வொன்றாக விளக்குகின்றான். விலை குறைவதற்கு உதவும் உண்மைகளை விரித்துரைப்பவன், விலை கூடுவதற்கு ஏதுவான உண்மை வரும்போது மட்டும் மௌனியாவானாயின், அம்மௌனத்தை நடுநிலை என்று எவ்வாறு கொள்வது?

இங்ஙனம் நோக்குமிடத்து, தேடுவோனின் இலாபம் இரு கூறாகப் பிரிதல் தெளிவாகும். எரிபொருட் செலவு, நாட்கணக்கில் அலைந்த அலைச்சல், இழுத்துச் செல்லும் கூலி, பழுது எவ்வளவென்று தெரியாமல் ஏற்கும் நட்ட அபாயம், கற்றறிந்த திறன் ஆகியவற்றுக்கு அவன் பெறுவது ஒரு கூறு. இதனை அவன் முதியவளின் முகத்துக்கெதிரே சொல்லலாம். 'அம்மா, இதற்கு ஐயாயிரம் வரை கொடுப்பார் உளர்; அவர்களைத் தேடிப்பிடிப்பதும், இதனை அங்கே கொண்டு சேர்ப்பதும் என் வேலை; ஆதலால் மூவாயிரம் தருகிறேன்' என்பது கூசாது சொல்லக்கூடிய பேச்சு. அவள் அதனை ஏற்கலாம், மறுக்கலாம், வேறொருவரை விசாரிக்கலாம். மற்றக் கூறு, அவள் அறியாதவரை மட்டுமே நிலைப்பது, சொன்னவுடன் மறைந்துவிடுவது. முன்னது உழைப்பின் கூலி. பின்னது அவளிடமிருந்து எடுக்கப்பட்டது. குரோன்மனின் வாதம் முன்னதைக் காக்கின்றது. பின்னதைக் காப்பதாயின் அது அளவுக்கு மிஞ்சிய பாதுகாப்பாகும்.

சட்டம் இவ்வேறுபாட்டை அளந்து தீர்த்தல் அரிது. எவ்வளவு சொன்னால் போதும், எவ்வளவு எடுத்தால் மிகை என்பதற்கு நீதிமன்றம் நியமம் வகுக்கப் புகுந்தால், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் வழக்காகிவிடும். ஆதலாற் சட்டம் பொய்யை மட்டும் தடுத்து நின்றுவிடுதல் பொருத்தமாகலாம். ஆனால் சட்டம் விட்டுவைத்த வெளியெல்லாம் அறத்துக்குப் புறம்பான வெளியன்று. அங்கே மனிதன் தானே தனக்கு நீதிபதியாகின்றான்.

அத்தீர்ப்புக்கு எளிய சோதனையொன்று உண்டு. ஓராண்டு கழிகின்றது. வாகனம் திருத்தப்பட்டு, பழைய பச்சை வர்ணம் மீண்டும் பூசப்பட்டு, சில்லுகள் உருள்கின்றன. அதை ஓட்டிக்கொண்டு அவன் அதே இருவழிப் பாதையால் வருகின்றான். அவ்வளவின் வாயிலில் நிறுத்தி, முதியவளை அழைத்து, அவள் கணவன் இருந்த இடத்திலே அவளை இருத்தி, என்ன விலைக்கு விற்கப்போகின்றான் என்பதையும் அவளிடம் சொல்ல அவனால் முடியுமாயின், அவன் வாங்கிய முறை செம்மையானதே. அவ்வளவு நெருங்கியதும் பார்வையைத் திருப்பி விரைந்து கடப்பானாயின், அன்றி அந்தப் பாதையையே தவிர்த்து வேறு வழியாற் சுற்றிச் செல்வானாயின், அவன் செய்ததன் தன்மையை அவனுக்கு வேறெவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாதைகளை விரும்பியே அவன் இத்தேடலைத் தொடங்கியவன். ஒவ்வொரு மௌனமும் அவன் திரும்பிச் செல்லக்கூடிய பாதைகளுள் ஒன்றைக் குறைத்துவிடுகின்றது.